குமாரதாஸ் சாருடைய நோட்ஸ்

மார்த்தாண்டம்
14.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மாமிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்றுகிடக்கிறது. போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரி, விடு" என்பீர்கள். அதனால்தான் நாளைக்கு மஸ்கட் திரும்பும் அனில்குமாரிடம் ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். எம்.எஸ்ஸி. உள்தேர்வில் குமாரதாஸ் சார் ஒரு தேற்றத்தை நிறுவச் சொன்னார். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே தொடர்ச்சியான எந்தச் சார்பின் மதிப்பும் ஓர் எல்லைக்குள் அடங்கும் என்று. பூச்சியம், ஒன்று என்ற இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொண்டால் அது உண்மை. சாருடைய நோட்ஸில் முனைகள் விட்டுப்போயிருக்கின்றன. பிள்ளைகள் வருஷக்கணக்காக அதையே உருப்போட்டுப் பத்து மார்க் வாங்குகிறார்கள். நான் இது தவறு என்று எழுதினேன். ஒன்றை எக்ஸால் வகுத்தால், எக்ஸ் பூச்சியத்தை நெருங்க நெருங்க விடை ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் தாண்டிக் காட்டலாம். நாலே வரி. சார் முட்டை போட்டுவிட்டார்.

வகுப்பில் எல்லார் முன்னாலும், "படிக்க வந்தியா, என்னைப் படிப்பிக்க வந்தியா?" என்று கேட்டார். இருபதாம் தேதிக்குள் மன்னிப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் செமஸ்டர் எழுத விடமாட்டாராம். மாமியோ, "ஏட்டி, கல்யாணம் கழிஞ்சு படிக்கப் போனவளுக்கு இவ்வளவு வாய் எதுக்கு?" என்கிறார். அதெல்லாம் எனக்குப் பழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எழுதிக் கொடுத்துவிடு என்றீர்களே, அதுதான் வலித்தது.

பரணிலிருந்து உங்கள் பழைய கல்லூரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்களும் குமாரதாஸ் சாரிடம் படித்த அதே தேற்றம், அதே விட்டுப்போன முனைகள், கீழே சிவப்பு மையில் சரி. குற்றம் சொல்லவில்லை. எனக்கும் முதலில் நிரூபணம் என்றால் நெட்டுருதான். ஒவ்வொரு வரியையும் ஏன் என்று கேட்கப் பழக ஆறு மாதம் ஆனது. அதற்குள் எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்து மாமியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பழகியதை இனி விட முடியாது.

மன்னிப்பு எழுத மாட்டேன். செமஸ்டர் போனால் போகட்டும். பின்பக்கத்தில் அந்த நாலு வரியையும் எழுதியிருக்கிறேன். நீங்களும் கணக்குப் படித்தவர்தான். தவறான வரி ஒன்றைக் காட்டுங்கள், அன்றைக்கே சாரிடம் போய்க் கைகூப்புகிறேன். காட்ட முடியாவிட்டால், மாமிக்குப் போன் செய்து, அஜிதா எழுதியதுதான் சரி என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் அஜிதா