தெருமுனையில் நிறுத்திய வண்டி

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன், மனசுதான் ரெண்டு நாளாகக் குமட்டிக்கொண்டு கிடக்கிறது. நீயும் ஜீவிதாவும் தோகாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய், நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் நீயே பேசுவாய், நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். அடுத்த தெரு காதர் மைதீன் அங்கே வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரத்தநாட்டு நிலத்தில் குத்தகைக்காரர் பக்கிரி சம்பா அறுத்துவிட்டார், கடைசி மழையில் கதிர் சாய்ந்துவிட்டதால் கண்டுமுதல் குறைவுதான். திருவையாற்றில் உன் அக்கா கலைமகள் வீட்டில் எல்லாரும் சுகம். நம் நகர்தான் நாறுகிறது. வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டு விற்றவன் போய்விட்டான், தூறல் போட்டால் போதும், சாக்கடை நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. தெருமுனைக் குப்பைத்தொட்டியை யாரும் அள்ளுவதில்லை, பன்றி புரளுகிறது, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ கோபப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் குடியிருக்கிற ஜெயாவின் அப்பா வைரக்கண்ணு, நாகப்பட்டினத்திலிருந்து வைத்தியத்துக்கு மகள் வீட்டுக்கு வந்தவர், நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆயுசு பூராவும் கடலில் வலை இழுத்த மனுஷர், நம் மாடிப்படியில் ஏற முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார். வாசலில் மாட்டிய கேமராவில் அதைத் தோகாவிலிருந்து பார்த்துவிட்டு நீ என்ன கேட்டாய், யாரும்மா அவர், எப்படி இருக்கார் என்றா கேட்டாய்? ஏதாவது ஆச்சுன்னா பாடியை நம்ம வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடும்மா, அப்புறம் வாடகைக்கு ஆளே வராது என்றாய். உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷரைப் பாடி என்றாய். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததும் வீட்டுத் தரகர் சேரனை விட்டு அவர்களிடம் சொல்லவைத்திருக்கிறாய், அது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். ஜெயா மட்டும் தலைவிரிகோலமாக வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். ஏன்டி அங்கேயே நிக்கிறே, வண்டி எங்கே என்றேன். சேரன் அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரும்மா, வண்டி முக்குலயே நிக்குது, அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுக்கணும், பிள்ளைங்களுக்கு முகத்தைக் காட்டிட்டு அப்படியே நாகப்பட்டினம் கெளம்பிடுறோம், நான் உள்ள வரலாமாம்மா என்கிறாள். மாசாமாசம் வாடகை கொடுக்கிற வீட்டுக்குள் நுழைய, அப்பனைப் பறிகொடுத்தவள் என்னிடம் உத்தரவு கேட்கிறாள். எட்டிப் பார்த்தேன், அந்தக் குப்பைத்தொட்டியை ஒட்டி வண்டி நிற்கிறது, பின்கதவைத் திறந்துவைத்து அவள் புருஷன் பிரபு துண்டால் ஈயை விரட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே வைத்தா அந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா முகத்தைக் காட்டுவது. சீ என்று ஆகிவிட்டது தம்பி எனக்கு. குப்பையைப் பார்த்துப் பட்ட அருவருப்பு இல்லை அது, என் வீட்டு வாசலைப் பார்த்துப் பட்ட அருவருப்பு.

பெரிய கேட்டை நான்தான் திறந்தேன். கார் வாங்கி நிறுத்தப்போகிறேன் என்று நீ போட்ட ஷெட்டில் பெஞ்சை இழுத்துப் போட்டு, அவரைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, பக்கிரி கொண்டுவந்த புது நெல்லில் ஒரு படி தலைமாட்டில் வைத்து விளக்கேற்றினேன். எல்லாம் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய், போன் விடாமல் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார், சாத்தட்டும். சேரன் பைக்கில் பறந்து வந்து, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, சார் என்னையில்ல திட்டுறாரு, எல்லா ஓனரும் இதைச் சொல்லித்தான் வீடு விடுறாங்க, மீன்காரங்களுக்கு விட வேணாம்னு அப்பவே சொன்னேன் என்றான். எல்லாரும் சேர்ந்து செய்தால் நாறாதாடா என்று கேட்டேன். மத்தியானத்துக்குள் சொந்தக்காரர்கள் வந்து அவரை எடுத்துப்போய்விட்டார்கள். போகிற நேரத்தில் ஜெயா ஷெட்டைக் கழுவிவிட வாளியைத் தூக்கினாள், பிடுங்கி வைத்துவிட்டு வண்டியில் ஏறச் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர்கள் காலி பண்ண வேண்டும் என்று சேரனிடம் சொல்லியிருக்கிறாயாமே. அது நடக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே, பிரபு மீன் போடுகிற கடைகளும் இங்கேதான். அவர்கள் போனால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன், மீன் வாடை எனக்குக் குமட்டாது. நீயும் அங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறாய், அதற்கு மேல் பெற்ற வாயால் சொல்ல மாட்டேன்.

என் சங்கதி ஒன்று கேட்க வேண்டும். பட்டா உன் பேரில் இருக்கிறது, வீட்டு வரியும் உன் பேரில்தான். எனக்கும் ஒருநாள் வரும், ஆஸ்பத்திரியில்தான் வருமோ என்னவோ. அன்றைக்கு என்னை ஏற்றி வருகிற வண்டி உள்ளே வரலாமா, முக்கிலேயே நிற்க வேண்டுமா? மாடிக்கு ஆள் வராது என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு, உன் அக்காவிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, ஜீவிதாவையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். எவ்வளவு திட்டினாலும் நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போது கேட்கிறேன். சேரனுக்குப் போன் அடிக்கிறதுக்கு முன்னால் ஜெயாவுக்கு ஒரு போன் போட்டுத் துக்கம் விசாரி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும்
அம்மா அகிலாண்டம்