ஆறங்குலம் குறைந்த கண்ணாடி

செவ்வாய், இரவு.

நான் என் கையால் செய்த தேக்குச் சாப்பாட்டு மேஜைக்கு இன்று கண்ணாடி வந்தது. நீளத்தில் ஆறங்குலம் குறைவு. அளந்து கொடுத்தது மகன் ரவி. நான் அளக்கிறேன் என்றதற்கு, "உங்களுக்குக் கண்ணு சரியா தெரியாதுப்பா" என்றவன்.

கடைக்காரரைச் சத்தம் போட்டேன். அவர் சிரித்தார். "ஹவ் சார், ஆமா, உங்க பையன் சொன்ன அளவுதான். கண்ணாடியை இழுத்து நீட்ட முடியுமா? வேணும்னா மேஜையை அறுத்துக்கோங்க."

அப்போதுதான் உறைத்தது. மாதாப்பூரில் ரவி வாங்கியிருக்கும் ஃபிளாட்டின் சாப்பாட்டு இடத்தில் இந்த மேஜை ஆறங்குலம் இடிக்கும்.

ரவியிடம் கேட்டேன். "தப்பா எழுதிட்டேன்பா, விடுங்க" என்றான். இன்ஜினியருக்கா அளவு தப்பும்?

இந்த மெட்டுகுடா வீட்டை விட்டு அங்கே வருகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ரம்பத்தை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.