எதிர்க்காதே

ஓஹையோ, அக்டோபர் 3

அன்புள்ள வினெட்டா,

நலமா? ஒன்பது வருடம் ஒரே ரோந்து காரில் உன் பாட்டைச் சகித்துக்கொண்டவன் எழுதுகிறேன். ஸ்டேஷன் மெயிலை மேலதிகாரிகள் படிப்பார்கள் என்பதால் தபாலில்.

சீருடையைக் கழற்றி வாத்தியாரானதில் ஒரு சுகமுமில்லை. பல்கலைக்கழகத்தில் நான் நுழைந்தால், "போலீஸ் வந்தாச்சு, வாயை மூடுங்க" என்கிறார்கள். நம் ஸ்டேஷனுக்குப் போனால் காட்டிக்கொடுப்பவன் என்று முறைக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

போலீஸ் அடிதடி பற்றிய ஆய்வுக்காக, சட்டையில் மாட்டும் கேமராக்களின் பதிவுகளைப் போட்டுக் கேட்டு வருகிறேன். விலங்கு மாட்டித் தரையில் கிடப்பவனை அடிக்கும்போதும் நம் ஆட்கள் "எதிர்க்காதே!" என்று கத்துகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் காதில் விழத்தானே? நாமும் கத்தியவர்கள்தான்.

நேற்றுக் கேட்ட பதிவில் உன் குரல். பெட்ரோல் பங்க் வாசலில் நடந்தது. பெயர் போட மாட்டேன். ஆனால் எழுதியாக வேண்டும்.

உன்
லேலண்ட்

---

அக்டோபர் 9

பேராசிரியர் அவர்களுக்கு,

பெயர் போடாவிட்டால் தெரியாதா? அந்த ரோந்தில் நான் ஒருத்திதான் பெண். "உன் வாத்தியார் இன்னும் நம்மள வச்சுத்தான் பொழைக்கிறாரா?" என்று இப்போதே கிண்டல். சார்ஜெண்ட் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. இது வெளிவந்தால் அதோடு சரி.

அந்த ஆள் கத்தியை நீட்டினான் என்பதும் உன் கேமராவில் தெரிகிறதா? நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம்.

வினெட்டா

---

அக்டோபர் 14

அன்புள்ள வினெட்டா,

இரண்டு நாள் யோசித்தேன். உன் பதிவை எடுத்துவிடுகிறேன். நூற்றுக்கணக்கானவற்றில் ஒன்று குறைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நான் அதைப் பார்க்கவேயில்லை. நிம்மதியாகப் பதவி ஏற்றுக்கொள்.

என்றும் உன்
லேலண்ட்

---

அக்டோபர் 20

லேலண்ட்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அதைக் கசக்கி எறிந்தேன்.

நம் ஆட்கள் ஒருவனை அடித்ததை நீ பார்த்துவிட்டாய் என்று கேப்டன் உன்னைக் கூப்பிட்டு, "நீ எதையும் பாக்கலப்பா, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றபோது, பேட்ஜைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாய். ஊரே உன்னைத் திட்டியபோது நான் மட்டும் உன் பக்கம் நின்றேன். பைத்தியக்காரனாக இருந்தாலும் நேர்மையான பைத்தியம் என்று சண்டை போட்டேன்.

என் பதிவைச் சேர்த்துவிடு. விலங்கு மாட்டிய பிறகுதான் அவனை உதைத்தேன். விலா எலும்பு உடைந்தது. அதையும் எழுது. பதவி போனால் போகட்டும்.

நீ எழுதியிருந்தால் ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். மறைக்கிறேன் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

வினெட்டா