நாடா கட்டும் இடம்

கார்த்திகை 12, செவ்வாய்

உண்ணிக் காய்ச்சல் பற்றிய என் ஆய்வை எங்கெங்கோ மேற்கோள் காட்டுகிறார்களாம். காலையில் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். மதியம் கல்வராயன் மலையில் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். அவள் மகள் செல்வி அதே காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தவள்.

“உண்ணி கடிச்ச கறுப்புப் பொருக்க டாக்டர்கிட்ட காட்டலியா?”

“பாவாட நாடா கட்டுற எடத்துல இருந்துச்சிங்க மேடம். ஆம்பள டாக்டரு. வயசுப் பொண்ணு இன்னான்னு காட்டும்?”

அந்தப் பொருக்குதான் இந்தக் காய்ச்சலின் அடையாளம்; அதைக் காணாததால் மருந்து தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. பொருக்கைத் தேடுங்கள் என்று கட்டுரையில் அழுத்தி எழுதினேன். பெண்களிடம் யார் தேடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை, நானும் பெண்தான்.

கிளம்பும்போது, வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளிடம், “செல்வி, வரேம்மா” என்றேன். அவள் திரும்பவில்லை.

“காய்ச்ச காத எடுத்துக்கினு பூடுச்சி மேடம்.”

கேட்காது என்று தெரிந்தும் இன்னொரு முறை கூப்பிட்டேன்.