பெரிய எஞ்சினும் பழைய பிரேக்கும்

நேற்று தங்கை மகன் தான் புதுப்பித்த பழைய காரை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கினான். சூடான எண்ணெய் வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. "முன்ன இருந்தத விட பெரிய எஞ்சின், பெரியம்மா" என்றான். "பிரேக்க மாத்தினியா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். கிழவிக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்திருப்பான். கட்டின புருஷன் நீங்கள்தான், வேறு யார்?

அறுபதுகளின் கடைசியில் ஒரு பழைய சீமைக் காரை வாங்கி, நீங்களே தட்டிக்கொட்டி, பெயிண்ட் அடித்து வாடகைக்கு ஓட்டினீர்கள். நம் ஊருக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் ஐந்து பேர் ஏறினால் பாவம், அதற்கு மூச்சு வாங்கும். உடைந்த வேன் ஒன்றின் எஞ்சினை வாங்கிவந்து, புளியமரக் கிளையில் சங்கிலி கட்டி இறக்கினீர்கள். இடம் போதவில்லை. ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, தகட்டை வெட்டி, எப்படியோ உட்காரவைத்துவிட்டீர்கள். அதற்குள் பக்கத்து ஊரான தாமலிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணை அழைத்துவரும் சவாரியும் அமைந்தது. அது நல்லபடியாக முடிந்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் நமக்குத்தான் என்று பூரித்துப்போனீர்கள்.

"ஒக்காரும்மா, தாமல் ஏரி வரைக்கும் போய்ப் பாத்துக்கினு வரலாம்" என்றீர்கள். வண்டி பறந்தது, பொய் சொல்லக்கூடாது. ஏரிக்கரையில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் மேல் ஏறி நின்றே விட்டீர்கள், வண்டி நிற்கவில்லை. ஆடுகள் சிதறி ஓடின. கரையோர வண்டல் குவியலில் முட்டித்தான் நின்றோம். நான் உங்களைத் திட்டாத திட்டில்லை. நீங்கள் இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தீர்கள். எழுந்து, "ஓடறத மட்டுந்தான் பாத்தேன். நிக்கறத பாக்கல" என்றீர்கள்.

அங்கிருந்தே பெண் வீட்டுக்கு நடந்துபோய், வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். "மெதுவா ஓட்டிக்கினு வாயேன்பா" என்று பெண்ணின் அப்பாவே கெஞ்சினார். "எம் பொண்டாட்டிய இனிமே இதுல ஏத்தமாட்டேன். ஒங்க பொண்ண எப்பிடி ஏத்துவேன்?" என்றீர்கள். சவாரி கைவிட்டுப் போனது. கார் ஸ்டாண்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத்தான் எரிந்தது. நீங்கள் மெட்ராஸுக்கு அலைந்து, அந்த எஞ்சினுக்கு ஏற்ற பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அது கிடைத்து மாட்டிய பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இப்ப ஒக்காரு" என்றீர்கள்.

இன்றும் யார் வண்டியில் ஏறினாலும், குறுக்கே ஏதாவது வந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அந்தப் பிரேக் மாட்டிய பிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒருநாளும் அழுத்தியதில்லை.