முள்ளம்பன்றியை விரட்டியபோது

வெள்ளிக்கிழமை.

நான் எழுதிய நாடகத்தை இன்று நாவலப்பிட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நடித்தார்கள். காட்டு ஊற்றைச் சிறுத்தை ராஜாவே குடித்துத் தீர்த்துவிட்டு, பழியை முள்ளம்பன்றி மேல் போடுகிறது. மற்ற மிருகங்கள் அதை நம்பி முள்ளம்பன்றியை விரட்டுகின்றன. பார்க்கிற பிள்ளைகளுக்கு ராஜா மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். விரட்டும்போது மண்டபமே கைதட்டியது.

முடிந்ததும், முன்வரிசையில் இருந்த சுமதியிடம் கேட்டேன். "தண்ணியக் குடிச்சது யாருனு பார்த்தீங்கதானே, அப்புறம் ஏன் தட்டினீங்க?"

"பார்த்தோம் டீச்சர். ஆனா ராஜா சொல்றப்ப உண்மை மாதிரியே இருந்திச்சு."

முள்ளம்பன்றியாக நடித்த ரிஸானா வேஷத்தைக் கழற்றாமல் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் நடிப்புத்தானே என்றேன்.

"கை தட்டினவங்களும் நடிச்சாங்களா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.