ஃபாக்லாந்துக்குக் கிடைத்த பாதிரியார்

ட்ரெமார்னி, கார்ன்வால்
மார்ச் 4, 1883

அன்பு மகள் லவ்டேக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் ஜேபஸும் அவர் மேய்க்கும் ஆடுகளும் சுகமென்று நம்புகிறேன். ஃபாக்லாந்தில் இரண்டு வருஷமாகப் பாதிரியார் இல்லை, கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார் ஜேபஸ் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் எல்லார் முன்னாலும் பெயரை அறிவித்து ஓலை வாசிக்காமல் அதென்ன கல்யாணம்? ஊரெல்லாம் சொல்லிப் புலம்பிவிட்டேன்.

இங்கே சபையார் ஆள் தேடிய கூத்தைக் கேள். லண்டனிலிருந்து ஒரு கனவான் வந்து உங்கள் தீவின் பெருமையை ஒரு மணி நேரம் பேசினார். நம் உதவிக் குரு, "அங்க மரமே கெடையாதாமே?" என்று கேட்டதோடு சரி. பக்கத்து ஊர்ப் பாதிரியார் சம்மதித்துப் பெட்டியும் கட்டிவிட்டார், மாமியார் வந்து பிரிக்க வைத்துவிட்டாள். கடைசியில் கையைத் தூக்கியது யார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார் எட்வின் நான்ஸ். ஆமாம், நீ வேண்டாமென்று சொன்ன அதே எட்வின்தான்.

குருப்பட்டத்துக்கு முன்னால் கல்யாண ஓலை மாதிரியே பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்களே, போன மாதம் அது நடந்தது. உன் அப்பா மணியடித்த களைப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். எட்வின் பெயரும் தடை என்பதும் மட்டும் காதில் விழ, கல்யாண ஓலை என்றே நினைத்துத் துள்ளி எழுந்து, "அவரு எங்க பொண்ணையில்ல கேட்டாரு! அவதான் மாட்டேன்னுட்டா!" என்று கத்திவிட்டார். கோயிலே சிரித்தது. நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் கையோடு வந்துவிட்டது. எட்வின் இனிக் கப்பலேற மாட்டார், உன் கல்யாணமும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். எட்வின் காதுவரை சிவந்துபோய் எழுந்தார். "அவர் சொல்றது நெசந்தான். ஆனா அது தடையில்ல. அங்க ஒரு பொண்ணு ரெண்டு வருஷமா பாதிரியாருக்காகக் காத்திருக்கு" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

பேராயர் பட்டம் கொடுத்தாயிற்று. செவ்வாயன்று கப்பல். நேற்று விடைபெற வந்தவர், "நான் ஓலை வாசிச்சா லவ்டேக்குச் சங்கடமா இருக்குமாம்மா? ஒரு வார்த்த கேட்டு எழுதுங்களேன்" என்றார். நான் எழுதி நீ பதில் போடுவதற்குள் வருஷம் பாதி ஓடிவிடும். சரி, இப்போதே எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஈரக் காலுறையோடு தூங்காதே, கல்யாணத்தன்று என் நீலச் சால்வையைப் போட்டுக்கொள். முக்கியமானதை மறந்துவிட்டேனே, இந்தக் கடிதத்தை ஒட்டி எட்வின் கையிலேயே கொடுக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது பதிலுக்காக உன் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். முதலில் அவரை உட்காரச் சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
தாமசின் ஹாஸ்கிங்